மூவிழைப் புரதமும் முகச் சுருக்கமும்

தென்காசி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் மனிதத் தோல் ஒரே நாளில் இரண்டு எதிரெதிரான சூழல்களைச் சந்திக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தைச் சாரலில் நனைக்கிறது. அதே காற்று ஈரத்தை மலைச்சரிவிலேயே இறக்கிவிட்டுக் கிழக்கே ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் வீசும்போது வறண்டுபோகிறது. காலையில் பேரருவியின் கீழ் நின்று குளித்தவர் நண்பகலுக்குள் செங்குத்தான வெயிலில் வயல் வரப்பில் நிற்க நேர்வது இப்பகுதியில் அன்றாட நடப்பு. நீரும் வெயிலும் மாறிமாறித் தாக்கும் இத்தகைய தோலுக்கு, சில ஆண்டுகளாக நகரத்து விளம்பரங்கள் வழியாகப் புதியதொரு வாக்குறுதி வந்து சேர்ந்திருக்கிறது. பெப்டைடு கலந்த சீரம்களும் களிம்புகளும் சுருக்கத்தைக் குறைக்கும், தொய்வை நீக்கும், தோலை இளமையாக்கும் என்பது அதன் சாரம். இவ்வாக்குறுதியில் வேதியியல் எவ்வளவு, வணிகம் எவ்வளவு என்று பிரித்தறிய, முதலில் தோலைத் தாங்கி நிற்கும் புரதத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமினோ அமிலம் என்பது புரதத்தின் அடிப்படை அலகு. உடலில் இருபது வகை அமினோ அமிலங்கள் புரதம் கட்டப் பயன்படுகின்றன. ஓர் அமினோ அமிலத்தின் அமிலமுனை அடுத்ததன் அமினோமுனையோடு, ஒரு நீர் மூலக்கூற்றை வெளியேற்றிவிட்டு இணைவதே பெப்டைடு பிணைப்பு. இவ்வாறு இரண்டு முதல் ஏறத்தாழ ஐம்பது வரையிலான அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலியைப் பெப்டைடு என்றும், அதற்கு மேல் நீண்டு மடிந்து ஒரு திட்டமான உருவம் பெற்றதைப் புரதம் என்றும் வழங்குவது மரபு. இந்த எல்லைக்கோடு வசதிக்காகப் போட்டது, இயற்கை அதை மதிப்பதில்லை. ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1901இல் இரண்டு கிளைசின்களை இணைத்து முதல் பெப்டைடைச் செயற்கையாக உருவாக்கினார்.

தோல் இரண்டு முதன்மை அடுக்குகளால் ஆனது. வெளியே மெல்லிய மேல்தோல். அதன் கீழே தடித்த அடித்தோல். இளமைக்குரிய இறுக்கமும் மீள்தன்மையும் அடித்தோலைச் சார்ந்தவை. அந்த அடித்தோலின் உலர் எடையில் பெரும்பங்கு கொலாஜன் என்ற ஒரே புரதம். ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார் உருவாக்கும் செல்கள் கொலாஜனைச் சுரந்து, கட்டுக்கட்டாக அடுக்கி, அதன்மேல் தாமே பற்றிக்கொண்டு விறைப்பாக நிற்கின்றன. இந்தப் பற்றுதல் பின்னால் முக்கியமாகும்.

உலகெங்கும் அழகுசாதனத் துண்டறிக்கைகளில் அச்சாகும் கொலாஜனின் படம் தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டது என்ற செய்தி, தமிழ் விளம்பரங்களில்கூட இடம்பெறுவதில்லை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் ஆதரவில் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் ஆய்வகம் ஒன்று உருவாயிற்று. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத சிக்கலாக இருப்பதை உரையாடலில் சுட்டிக்காட்ட, ராமச்சந்திரன் அதையே எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கான பொருள் பக்கத்திலேயே கிடைத்தது. 1948இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அண்டைக் கட்டடம். பதனிடப்படும் ஒவ்வொரு தோலும் கொலாஜனே என்பதால், அந்நிறுவனத்துக்கு இந்தப் புரதம் அன்றாடப் பிழைப்பு. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுக்கப்பட்ட சீரான கொலாஜன் இழைகள் அந்நிறுவனத்தின் வழியாக ராமச்சந்திரனின் கைக்கு வந்தன.

உடன் ஆய்வாளரான கோபிநாத் கர்த்தாவும் அவரும் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு ஒரு விந்தையை விளக்கியாக வேண்டியிருந்தது: கொலாஜனில் ஏன் மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலங்கள் கிளைசினாகவே இருக்கின்றன? 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியான அவர்களது விடை, மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிக்கொண்ட அமைப்பு. தேங்காய் நார்க் கயிற்றில் மூன்று புரிகள் ஒன்றையொன்று தழுவுவதுபோல மூன்று சங்கிலிகளும் ஒரு நடு அச்சைச் சுற்றுகின்றன. அந்த அச்சுப் பகுதியில் இடம் மிகக் குறுகலாதலால், பக்கக் கிளையாக ஒற்றை ஹைட்ரஜன் மட்டுமே கொண்ட மிகச்சிறிய அமினோ அமிலமான கிளைசின் மட்டுமே அங்கே பொருந்தும். எனவே ஒவ்வொரு மூன்றாவது இடமும் கிளைசினுக்கே ஒதுக்கப்படுகிறது. 1955இல் அவர்கள் இதைத் திருத்தி, புரிகளே மறுபடி முறுக்கிய சுருளாக வரைந்தனர். அதே ஆண்டு அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் சங்கிலிகளுக்கிடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் மாற்றம் சொன்னார்கள். அணுக்களின் நெருக்கத்தைப் பற்றிய இந்த வாதமே, எந்தெந்தக் கோணங்களில் ஒரு பெப்டைடுச் சங்கிலி திரும்ப முடியும் என்ற பொதுக் கேள்விக்கு ராமச்சந்திரனை இட்டுச் சென்றது. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட கோண வரைபடம் இன்றைக்கும் உலகில் ஒரு புரத அமைப்பு வெளியிடப்படும்போதெல்லாம் சரிபார்ப்புக்குப் பயன்படுகிறது. சோப்பு, களிம்பு, சீரம் ஆகியவற்றின் வணிகத்துக்கு இந்த இயற்பியல் செலுத்தியிருக்கும் கொடை அளவிட முடியாதது. அந்தக் கணக்கில் சென்னைக்குப் பங்கு கேட்பார் யாருமில்லை.

இந்த முறுக்கு நிலைக்க இன்னொரு நிபந்தனை உண்டு. சங்கிலியிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் ஒரு பகுதி, ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றப்பட்டாக வேண்டும்; அம்மாற்றத்தைச் செய்யும் நொதி வைட்டமின் சி இல்லாமல் இயங்காது. ஸ்கர்வி நோயாளிகளின் பல்லீறு இரத்தம் கசிவதும் பழைய தழும்பு பிளவுபடுவதும் இதனால்தான். எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி தென்காசி மாவட்டத்திலேயே இருக்கிறது. தோலுக்குள் கொலாஜன் முறுக்கேற வேண்டிய மிக மலிவான இடுபொருள் அங்கே மூட்டைக்கணக்கில் ஏலம் போகிறது. ஆனால் அதன் சாற்றை நேரடியாக முகத்தில் தேய்ப்பது வேறு விஷயம். அமிலம் எரிச்சலூட்டும், எரிச்சல் அடங்கியபின் கருந்திட்டு எஞ்சும்.

கொலாஜன் தானாக அழிவதில்லை, அது வெட்டப்படுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேரி ஃபிஷரும் ஜான் வூர்ஹீசும் 1996இல் 'நேச்சர்' இதழில் காட்டியது இது: தோல் சிவக்கும் அளவுக்குக்கூட வராத சிறு அளவு புறஊதாக் கதிர் பட்டாலே, மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் எனப்படும் துத்தநாக நொதிகள் பெருகுகின்றன. அவற்றுள் ஒன்றான கொலாஜினேஸ், முறுக்கிய கொலாஜனை அதன் நீளத்தில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில், முக்கால் பங்கும் கால் பங்குமாக, துண்டிக்கிறது. வெட்டுப்பட்ட இழையின்மேல் பற்றியிருந்த ஃபைப்ரோபிளாஸ்ட் பிடி தளர்ந்து சுருங்கிப்போகிறது. சுருங்கிய செல் குறைவாகக் கொலாஜன் சுரந்து அதிகமாக வெட்டும் நொதியைச் சுரக்கிறது. முகச் சுருக்கம் என்று கண்ணாடியில் தெரிவது, இந்தச் சுழல் பல ஆண்டுகள் ஓடியதன் விளைவு. பொதுவாக, பெரியவர்களின் தோலில் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. மாதவிடாய் நின்ற பின் முதல் சில ஆண்டுகளில் பெண்களுக்கு இழப்பு இன்னும் வேகம் பிடிக்கிறது.

தென்காசி ஏறத்தாழ 9 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களிலும் மறுபடி ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் இங்கு உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். வளிமண்டலத்தின் மிகக் குறைந்த தடிமனைக் கடந்துவரும் கதிரே அப்போது தோலில் விழுகிறது. சாரல் காலத்தில் வானம் மூடியிருப்பதால் ஆபத்து விலகிவிட்டதாக எண்ணுவதும் பிழை. அடித்தோல்வரை ஊடுருவும் நீளலைப் புறஊதாவின் கணிசமான பகுதி மேகத்தைக் கடந்துவிடும். உடல் சூட்டை உணராததால் குளிப்பவர் எச்சரிக்கையை இழக்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு.

கொலாஜன் வெட்டப்படும்போது வீழ்வன பெப்டைடுகளே. இவ்விடத்தில்தான் அழகுசாதனத் துறை தன் கருதுகோளைக் கண்டெடுத்தது. சிதறிய துண்டுகள் வெறும் குப்பையாக இல்லாமல், "இங்கே சேதம் நிகழ்ந்துவிட்டது, சரிசெய்யுங்கள்" என்று செல்களுக்கு உணர்த்தும் தூதாகவும் செயல்படுமானால், அத்துண்டுகளைச் செயற்கையாகத் தயாரித்து வெளியிலிருந்து தடவினால் போதுமே என்பதுதான் அது. கருதுகோளுக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்கரான லோரன் பிக்கார்ட் 1973இல் மனித இரத்தப் பிளாஸ்மாவிலிருந்து கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் ஆகிய மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடைப் பிரித்தார். செம்பை இறுகப் பற்றும் இப்பெப்டைடு கொலாஜன் சங்கிலியிலும் அதே வரிசையில் இடம்பெற்றிருப்பது பின்னர் தெரிந்தது. 1993இல் அமெரிக்காவில் கட்டயாமாவும் உடன் உழைத்தோரும், முதிராக் கொலாஜனின் முனைத்துண்டில் உள்ள லைசின்-திரியோனின்-திரியோனின்-லைசின்-செரின் என்ற ஐந்து அமினோ அமில வரிசை, வளர்ப்புக் கிண்ணத்தில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்டுகளை அதிகக் கொலாஜன் சுரக்கத் தூண்டுவதைக் கண்டனர்.

இரண்டும் தூது சொல்லும் பெப்டைடுகள். முதலாவது செம்பை ஏந்திச் செல்வதால் சுமக்கும் பெப்டைடு என்றும் அழைக்கப்படும். மூன்றாவது வகையின் தர்க்கம் வேறு. முகத்தில் வரிகள் விழுவதற்குத் தசைச் சுருக்கம் ஒரு காரணம்; நரம்பு முனை அசிட்டைல்கோலினை வெளியேற்ற உதவும் ஸ்நாப்-25 என்ற புரதத்தைத் துண்டித்துத்தான் போட்டாக்ஸ் ஊசி தசையை ஓய்விக்கிறது. அப்புரதத்தின் முனையை நகல் செய்த ஆறு அமினோ அமிலப் பெப்டைடு ஒன்றை ஸ்பெயினின் லிபோடெக் நிறுவனம் ஆர்ஜிரெலின் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்காவதாக, கொலாஜன் வெட்டும் நொதிகளைத் தடுக்கும் என்று சோயா, அரிசி ஆகியவற்றிலிருந்து தயாராகும் பெப்டைடுகளும் கடையில் உள்ளன.

தூது ஒன்று, சேருமிடம் இன்னொன்று. தூண்டப்பட வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்டு அடித்தோலில் இருக்கிறது. அதற்கும் வெளியுலகுக்கும் நடுவே மேல்தோலின் உச்சியில், 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இறந்த செல்களின் அடுக்கு, செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் செறிந்த இடைவெளிகளுடன் நிற்கிறது. உயிரினத்தின் வெளிச்சுவர் கெட்டியாக இல்லாமலிருந்தால் அருவியில் நனையும்தோறும் உடல் நீர் கோத்துப் பருத்துவிடும் என்பதால், இந்தத் தடை உயிர்வாழ்வதற்கான நிபந்தனை. 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இரு நெதர்லாந்து அறிவியலாளர்கள், தோல் வழியாக உள்ளே செல்லும் பொருட்களின் மூலக்கூற்று எடை பெரும்பாலும் 500 டால்டனுக்குக் குறைவாகவே இருக்கிறது என்ற நடைமுறை விதியை முன்வைத்தனர். ஒரு கொலாஜன் மூலக்கூறு ஏறத்தாழ 3,00,000 டால்டன். கொலாஜன் களிம்பை முகத்தில் பூசினால் அது மேலே படிந்து ஈரம் காக்கும்; உள்ளே சென்று அடித்தோலைக் கட்டாது. இதைத் தெரிந்துகொண்டபின் பல விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பு உடனே சரிந்துவிடும்.

செம்பைப் பற்றும் அந்தப் பெப்டைடின் எடை, செம்பு சேராமல், சுமார் 340 டால்டன். எனவே எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அளவு மட்டும் போதாது. மின்சுமை ஏந்திய, நீரில் கரையும் மூலக்கூறு, கொழுப்பு நிறைந்த இடைவெளிக்குள் விரும்பிச் செல்லாது. ஐந்து அமினோ அமிலப் பெப்டைடின் எடை ஏறத்தாழ 564. அதற்கும் அதே தொல்லை. இதைத் தீர்க்க பிரான்சின் செடெர்மா நிறுவனம் அதன் முனையில் பாமிட்டிக் அமிலத்தை ஒட்டிச் சேர்த்தது. தேங்காய் எண்ணெயிலும் பாமாயிலிலும் உள்ள கொழுப்பமிலம்தான் இது. எடை 802 ஆகக் கூடினாலும் கொழுப்போடு இணக்கம் பிறக்கிறது. முடியற்ற எலித்தோலில் நடந்த சோதனையில், ஒட்டுச் சேர்க்காத பெப்டைடு தோலில் தங்கவில்லை. ஒட்டுச் சேர்த்தது தோலின் அடுக்குகளில் தங்கியது. மேட்ரிக்சில் என்ற வணிகப்பெயரில் உலகெங்கும் பரவியது இதுவே. தசையைத் தளர்த்துவதாகச் சொல்லும் ஆர்ஜிரெலினின் நிலை இன்னும் கடினம்: 889 டால்டன் எடையுள்ள அது மேல்தோலையும் அடித்தோலையும் கடந்து, அதற்கும் கீழே தசையோடு நரம்பு சேரும் இடத்தை அடைந்தாக வேண்டும்.

மனிதரிடம் நடந்த சோதனைகள் எதைச் சொல்கின்றன? ராபின்சனும் உடன் உழைத்தோரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 93 வெள்ளையினப் பெண்கள், ஒரு கன்னத்தில் பத்து லட்சத்தில் 3 பங்கு பாமிட்டாயில் பெப்டைடு கலந்த களிம்பும், மறு கன்னத்தில் பெப்டைடு இல்லாத அதே களிம்புமாக, எது எதுவென்று தெரியாமல் 12 வாரங்கள் பூசினர். பெப்டைடு பக்கம் மெல்லிய வரிகளும் சுருக்கங்களும் புள்ளியியல்படி குறைந்திருந்தன. ஆய்வாளர்கள் அழகுசாதன நிறுவனமான புராக்டர் அண்ட் கேம்பிளைச் சேர்ந்தவர்கள் என்பது அதன் மதிப்பைச் சற்றே குறைக்கிறது. ஒரே முகத்தில் இரு பக்கமும் ஒப்பிட்ட வடிவமைப்பு அதை உயர்த்துகிறது. 2002இல் ஆர்ஜிரெலின் பற்றிய முதல் அறிக்கை, 10 பெண்களிடம் 10 விழுக்காட்டுக் கரைசலை 30 நாட்கள் பூசியதில் சுருக்கத்தின் ஆழம் 30 விழுக்காடு வரை குறைந்ததாகச் சொன்னது. பத்து பேர் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. 2013இல் சீனாவில் 60 பேரிடம் நடந்த சோதனையும் அதே பெப்டைடுக்குச் சாதகமாக அமைந்தது.

ஆக, விளைவு பூஜ்யமல்ல, சிறிது. அது எவ்வளவு சிறிது என்பதை எடைபோட வேறு இரு ஆதாரங்களைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆல்பர்ட் கிளிக்மன் 1986இல் வெயிலில் முதிர்ந்த தோலுக்கு ட்ரெட்டினாய்ன் என்ற வைட்டமின் ஏ அமிலம் பயன்படுவதைக் காட்டினார்; அடித்தோலில் புதிய கொலாஜன் பிறப்பதைத் திசு ஆய்வுகள் பின்னர் உறுதிப்படுத்தின. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 903 பேரை நான்கரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வு, தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்ததைக் காட்டியது. பெப்டைடு கட்சியில் இந்த அளவுக்கு நீண்ட, பெரிய சான்று இல்லை. மேலும், தோலிலுள்ள கொலாஜனில் பாதி புதுப்பிக்கப்பட ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும் என்ற கணக்கோடு ஒப்பிட்டால், 12 வாரங்களில் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றத்தில் கணிசமான பங்கு கொலாஜனுக்கு உரியதன்று, ஈரத்துக்கு உரியது.

ஈரத்தைப் பற்றிப் பேசும்போது குற்றாலம் மறுபடி பொருத்தமாகிறது. மேல்தோல் செல்கள் இறக்கும்போது, அவற்றிலுள்ள ஃபிலாக்ரின் என்ற புரதம் நொதிகளால் சிறு துண்டுகளாகவும் பின்னர் தனி அமினோ அமிலங்களாகவும் நொறுக்கப்படுகிறது. இவை ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயற்கைப் பொருளாகி இறந்த செல்லடுக்கை நெகிழ்வாக வைக்கின்றன. அதாவது தோல் தனக்கான புரதத் துணுக்குகளைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அருவியின் வேகமான நீரில் நீண்டநேரம் நிற்பது இவற்றைக் கழுவிவிடும். உலர்ந்தபின் முகம் இழுப்பதுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். குளிப்பதற்கு முன் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் வழக்கம் நீர் இவற்றைக் கரைத்துச் செல்வதைத் தடுக்கும் மேற்பூச்சாகச் செயல்படுகிறது. நீர் மாசுபடுவதைத் தடுக்க அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் கூடாதென நீதிமன்றம் ஆணையிட்டிருப்பதால், அவற்றைப் பயன்படுத்துவோர் விடுதியில் முடித்துக்கொள்வதே முறை. பயத்தம்மாவும் நலங்கு மாவும் புரதம் நிறைந்தவை என்றாலும், அப்புரதங்கள் உள்ளே போகும் அளவில் இல்லை. அவை அழுக்கையும் மிகையெண்ணெயையும் எடுக்கின்றன, அவ்வளவே. பெப்டைடு களிம்பின் பலனில் கணிசமான பகுதி அதன் அடித்தளமான ஈரப்பதக் களிம்பின் பலனே என்பதை ஏற்றுக்கொள்ளும் ஒருவர், எளிய ஈரப்பதக் களிம்பைக் குளித்த சில நிமிடங்களில் பூசிக்கொண்டால் செலவு பெரிதும் குறையும்.

ராபின்சன் ஆய்வில் பங்கேற்ற வெள்ளையினத் தோலும் தென்காசித் தோலும் முதுமையை ஒரே முகத்தோடு சந்திப்பதில்லை. மெலனின் மிகுந்த தோலில் புறஊதாக் கதிரின் ஒரு பகுதி மேல்தோலிலேயே உறிஞ்சப்படுவதால், ஆழ்ந்த சுருக்கம் சில ஆண்டுகள் தாமதமாகவே வருகிறது. ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத்திட்டாக நிறம் கூடும் மங்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. கொலாஜனைத் தூண்டும் பெப்டைடுகள் மங்கைக் குறிவைத்து உருவாக்கப்பட்டவை அல்ல. மங்கை வளர்ப்பது புறஊதா மட்டுமன்று; கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பழுப்புத் தோலில் நிறத்தைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமேற்றிய சன்ஸ்கிரீன்கள் இத்தோலுக்கு ஏற்றவை. வயல் வேலை செய்யும் பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் துண்டும் முந்தானையும் இதே பணியைக் காசில்லாமல் செய்வதை அறிவியல் குறைத்துச் சொல்லக் காரணமில்லை.

மங்கைத் துரத்திப் போகிறவர் எங்கே சிக்குகிறார் என்பதே இப்பகுதியில் பெரிய அபாயம். மருந்துக்கடையில் முகம் வெளுக்க வாங்கப்படும் ஸ்டீராய்டு களிம்பு சில வாரங்களில் நிறத்தைக் குறைத்துக் காட்டும். உள்ளே ஃபைப்ரோபிளாஸ்டின் கொலாஜன் உற்பத்தியை முடக்கித் தோலை மெலியச் செய்யும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பெப்டைடு எதைக் கட்ட முயல்கிறதோ அதையே இது இடிக்கிறது. இந்திய அரசு 2018இல் இத்தகைய களிம்புகளில் 14 வகைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்கு மாற்றியது. இதைவிடக் கொடியது பாதரசம்: மலைக்கு அப்பால் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023இல் கண்டறியப்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலர் பாதரசம் கலந்த வெளுக்கும் களிம்புகளைப் பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் பெப்டைடு சீரம் தீங்கற்ற செலவுதான். எரிச்சலோ அரிப்போ அரிது.

பெப்டைடை விழுங்கினால் என்ன என்ற கேள்வியும் சந்தையில் உலவுகிறது. மீன்தோல், மாட்டுத்தோல் ஆகியவற்றின் கொலாஜனை நொதியால் அறுத்துத் தயாராகும் பொடியில், புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் சேர்ந்த இருகண்ணிப் பெப்டைடு குடலைத் தாண்டி இரத்தத்தில் தென்படுவது உண்மை. ஆயினும் 2025இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், நிறுவனங்களின் பணத்தில் நடந்த சோதனைகள் பலன் காட்ட, அப்பணம் பெறாத சோதனைகள் பலன் காட்டவில்லை.

தோலையும் பெப்டைடையும் இணைத்து இப்பகுதியின் மலைகள் சொல்லும் பெரிய கதை வேறொன்று. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்தினர் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஹைட்ரோஃபைலாக்ஸ் பாகுவிஸ்தாரா என்ற தவளையின் தோல் சுரப்பிலிருந்து எடுத்த 27 அமினோ அமிலப் பெப்டைடு, எச்1 வகை இன்ஃபுளூவென்சா வைரசை அழித்ததாகக் காட்டப்பட்டது. உருமி வாளின் பெயரால் அதற்கு உருமின் என்று பெயரிட்டனர். மனிதத் தோலும் இவ்வேலையைச் செய்கிறது. வியர்வையிலுள்ள டெர்ம்சிடின் என்ற கிருமிக்கொல்லிப் பெப்டைடு 2001இல் அடையாளம் காணப்பட்டது. எல்எல்-37 என்ற 37 அமினோ அமிலப் பெப்டைடு காயத்தின் ஓரத்தில் கிருமிகளைத் துளைத்துக் கொல்கிறது. சுருக்கம் நீக்குவதைவிடத் தொற்றைத் தடுக்கும் பெப்டைடுகளே தோல் மருத்துவத்துக்கு நெடுநாள் வரவு தரும் என்று எதிர்பார்க்கக் காரணங்கள் உண்டு.

வாங்குபவர் புட்டியைப் புரட்டிப் படிக்கலாம். உட்பொருட்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படும். 1 விழுக்காட்டுக்குக் குறைந்தவை எந்த வரிசையிலும் வரலாம். மேட்ரிக்சில் போன்ற பெப்டைடுகள் பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவிலேயே செயல்படுவதால் பட்டியலின் கடைசியில் அவை நிற்பது மோசடியின் அடையாளமல்ல. இந்தியாவில் அழகுசாதனப் பொருள் 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனச் சட்டத்தின்கீழும் 2020ஆம் ஆண்டின் விதிகளின்கீழும் உரிமம் பெற்றுத் தயாராக வேண்டும். ஆனால் மருந்தைப்போலச் சோதனையில் பலனை நிரூபித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. பெப்டைடு பிணைப்பு நீரில் மெல்லச் சிதைவது. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டின் பரணில் வைக்கும் சீரம் விரைவில் சக்தி இழக்கும். அகன்ற வாயுள்ள டப்பாவைவிட, காற்றுப்புகாத அழுத்துமூடி உடைய புட்டி மேல்.

பழுப்புத் தோலில் பெப்டைடின் பலனைச் சோதிப்பதற்கு இப்பகுதியைவிட ஏற்ற களம் குறைவு. தென்காசி மாவட்டத்தில் ஒரே ஊரில், ஒரே உணவு உண்டு, ஒரே வயதில், திண்ணை நிழலில் பகல் முழுதும் பீடி சுற்றும் பெண்களும், வயலில் நாற்று நடும் பெண்களும் இருக்கிறார்கள். வெயிலால் வந்த முதுமையையும் வயதால் வந்த முதுமையையும் பிரித்துப் பார்க்க இயற்கையே இரண்டு குழுக்களை அமைத்துக் கொடுத்திருக்கிறது. முகத்தின் ஒரு பக்கம் பெப்டைடு, மறு பக்கம் வெறும் களிம்பு, இரண்டு குழுவிலும் தினமும் சன்ஸ்கிரீன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுருக்கத்தோடு மங்கின் அளவையும் நிறமானியால் எடுப்பது. அருவிக் குளியல் நாட்களைத் தனியே குறித்துவைப்பது. இரண்டு சாரல் காலங்கள் கடக்கும்வரை இதை நடத்தினால், பழுப்புத் தோலில் பெப்டைடின் பங்கு எவ்வளவு, துண்டின் நிழலின் பங்கு எவ்வளவு என்பதற்கு எண்களில் விடை கிடைக்கும்.